முள் சொல்வதை நம்பலாமா? பழைய காரின் மீட்டர்களைப் பழுதுபார்க்கக் கொடுத்தல்

பழைய அம்பாசிடர், மோரிஸ் மைனர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்கள் இன்ஜினுக்கும் பெயின்டுக்கும் சீட்டுக்கும் செலவழித்து முடித்த பிறகுதான் மீட்டர் பக்கம் திரும்புகிறார்கள். அதற்குள் பணமும் தீர்ந்திருக்கும், பொறுமையும் தீர்ந்திருக்கும். ஸ்பீடோமீட்டர் முள் நாற்பதில் நடனமாடினால் வண்டிக்கு ஆபத்தில்லை என்பது உண்மைதான். ஆனால் ஹீட் மீட்டர் பொய் சொன்னால் சிலிண்டர் ஹெட் போகும். ஆயில் பிரஷர் மீட்டர் பொய் சொன்னால் பேரிங் போகும். மீட்டர் வேலையை, அதிலும் இந்த இரண்டின் வேலையை, இன்ஜின் வேலையோடு சேர்த்தே திட்டமிடுங்கள்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். பழுது என்று கழற்றிக் கொண்டுபோகப்படும் மீட்டர்களில் பல நன்றாகவே இருக்கும். கோளாறு கேபிளிலோ, டேங்கிலோ, எர்த் ஒயரிலோ இருக்கும். அப்படிப்பட்ட மீட்டரை ஒருவர் பிரித்து, சுத்தம் செய்து, திருப்பித் தருவார், நீங்கள் மாட்டுவீர்கள், முள் பழையபடியே இருக்கும். மெக்கானிக்கைத் திட்டுவதில் பயனில்லை. அவரிடம் வந்தது மீட்டர் மட்டும்தான், வண்டி இல்லை.

வண்டியிலேயே சோதிக்க வேண்டியவை

ஸ்பீடோமீட்டரில் தொடங்குவோம். ஜெர்மானியரான ஓட்டோ ஷுல்ஸே 1902-இல் காப்புரிமை பெற்ற முறைதான் ஏறக்குறைய எல்லாப் பழைய கார்களிலும் இருக்கிறது. கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். அதைத் தொடாமல் மூடியபடி நிற்கும் அலுமினியக் கிண்ணத்தை அந்தக் காந்தச் சுழற்சி இழுக்கும். கிண்ணத்தோடு முள் இணைந்திருக்கிறது. ஒரு மெல்லிய சுருள்வில் அதைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிறது. வேகம் கூடினால் இழுப்பு கூடும், முள் ஏறும். கிலோமீட்டர் எண்களுக்கு இந்தக் காந்தச் சங்கதியே கிடையாது. அவை அதே கேபிளிலிருந்து பல்சக்கரம் வழியாக நேரடியாக ஓடுகின்றன.

இந்த வேறுபாடு ஒன்றே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடும். நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கற்களைப் பார்த்துக்கொண்டே பத்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். பக்கத்தில் ஒருவரைக் கைபேசியில் ஜிபிஎஸ் வேகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கிலோமீட்டர் கணக்கு சரியாக இருந்து வேகம் மட்டும் தவறினால் காந்தமோ சுருள்வில்லோ தளர்ந்திருக்கிறது; மீட்டரைக் கொடுக்கத்தான் வேண்டும். இரண்டும் ஒரே விகிதத்தில் தவறினால் மீட்டரைத் தொடாதீர்கள். டயர் அளவோ, கியர்பாக்ஸில் கேபிளை ஓட்டும் சிறு பல்சக்கரமோ, அல்லது இந்த வண்டிக்கே உரியதல்லாத ஒரு மீட்டரோதான் காரணம். வேகம் காட்டி, எண்கள் மட்டும் நகராவிட்டால் உள்ளே பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது. எண்கள் ஓடி முள் மட்டும் செத்துக்கிடந்தால் கிண்ணமோ முள்ளின் அச்சோ சிக்கியிருக்கிறது. இரண்டுமே அசையவில்லையா? முதலில் கேபிள் அறுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

முள் நடுங்குவதற்குப் பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி. உள்கம்பியை உருவி, தரையில் நேராகப் போட்டு உருட்டுங்கள். எங்காவது துள்ளினால் அங்கே வளைந்திருக்கிறது, புதிதாக மாற்றுங்கள். கிரீஸை மெலிதாகத் தடவுங்கள். மீட்டர் பக்கமுள்ள மேல்முனையில் ஒரு சாண் நீளத்துக்கு எதுவும் தடவ வேண்டாம். சுழலும் கம்பி கிரீஸை மேலே ஏற்றிக்கொண்டு போகும்; அது காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே புகுந்தால் முள் கண்ட இடத்துக்கு ஓடும். கியர்பாக்ஸ் சீல் கசிந்தாலும் இதே கதைதான். சுத்தம் செய்து வந்த மீட்டர் மறுபடியும் எண்ணெயில் ஊறினால் கோளாறு மேலே இல்லை, கீழே. ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் இந்தக் கேபிள் கியர்பாக்ஸுக்கே போவதில்லை. முன்பக்க இடது சக்கரத்தின் மையத்திலிருந்து வருகிறது. அங்கே வீல் பேரிங் கிரீஸ் மூடியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பெட்ரோல் மீட்டரும் ஹீட் மீட்டரும் சேர்ந்தே கூடுதலாகக் காட்டுகின்றனவா? இரண்டும் ஒரே நேரத்தில் கெட்டுப்போக வாய்ப்புக் குறைவு. 1960களின் நடுவிலிருந்து பிரிட்டிஷ் கார்களில் இந்த இரண்டு மீட்டர்களுக்கும் பேட்டரியின் 12 வோல்ட் நேரடியாகப் போவதில்லை. மீட்டருக்குப் பின்னால் தீப்பெட்டியைவிடச் சிறிதாக ஒரு தகரப்பெட்டி இருக்கும். அது மின்சாரத்தை விட்டுவிட்டுத் தந்து சராசரியாக 10 வோல்ட் கொடுக்கும். அதன் உடல் எர்த் ஆகாவிட்டால் முழு 12 வோல்ட்டும் பாயும், இரண்டு முள்ளும் ஏறும். டிஜிட்டல் மல்டிமீட்டரில் பார்த்தால் எண்கள் குதிக்கும். அது கோளாறு அல்ல, அதன் இயல்பே அதுதான். அதற்குப் பதிலாக 7810 என்ற மூன்று கால் ஐசி போட்டுக்கொள்ளலாம். சென்னை ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். உங்கள் வண்டி பாசிட்டிவ் எர்த் என்றால் 7910 வேண்டும். அந்தப் பெட்டியை ஒதுக்கிவிட்டு நேரடியாக 12 வோல்ட் கொடுத்து "சோதிக்கும்" பழக்கம் பல எலக்ட்ரீஷியன்களுக்கு உண்டு. அதை அனுமதிக்காதீர்கள். உள்ளே இருக்கும் மெல்லிய சூடேற்றும் கம்பி கருகிவிடும்.

பெட்ரோல் மீட்டர் மட்டும் தவறினால் டேங்க் யூனிட்டைச் சந்தேகியுங்கள். டேங்கில் அதன் ஒயரைக் கழற்றி ஒரு கணம் பாடியில் தொடுங்கள். முள் மெதுவாக ஏறும் வகை மீட்டராக இருந்தால் 'ஃபுல்' பக்கம் போக வேண்டும். சாவி போட்டதும் சட்டென்று துள்ளி நிற்கும் பழைய வகையாக இருந்தால் நேர்மாறு: ஒயரைத் தொட்டால் 'எம்ப்டி', விட்டால் 'ஃபுல்'. அப்படி நகர்ந்தால் மீட்டர் நலம். டேங்க் யூனிட்டை இறக்குங்கள். தக்கை மிதவை இருந்தால் இப்போது கூடுதல் கவனம் வேண்டும். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் தக்கையின் மேல் பூசிய பழைய அரக்கு வார்னிஷைக் கரைத்துவிடும். தக்கை பெட்ரோலைக் குடித்து மூழ்கும், டேங்க் நிறைந்திருந்தாலும் முள் கீழேயே கிடக்கும்.

கொடுக்கும் முன் ஒரு எண்

எந்த மீட்டர் மெக்கானிக்கும் உங்களிடம் கேட்க வேண்டிய கேள்வி, ஆனால் பலர் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: இந்த வண்டி ஒரு கிலோமீட்டர் போனால் கேபிள் எத்தனை முறை சுற்றும்? பிரிட்டனின் ஸ்மித்ஸ் நிறுவன மீட்டராக இருந்தால் டயலின் அடியில், மாடல் எண்ணுக்குப் பக்கத்தில் 960, 1000, 1280 என்பதுபோல ஓர் எண் பொடியாக அச்சாகியிருக்கும். அது ஒரு மைலுக்கான சுற்று. ஜெர்மனியின் விடிஓ மீட்டர்களில் 'டபிள்யூ' எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு தசம எண் இருக்கும். அது ஒரு மீட்டர் தூரத்துக்கான சுற்று.

டயல் சொல்வது மீட்டர் எதிர்பார்க்கும் எண். வண்டி தருவது அதுதானா என்பது வேறு விஷயம். அறுபது ஆண்டுகளில் டயர், பின் ஆக்ஸில், கியர்பாக்ஸ் எல்லாம் மாறியிருக்கலாம். மீட்டரே மாறியிருக்கலாம். கோயம்புத்தூரில் பிரிக்கால் மீட்டர் நிறுவனம் தொடங்கியது 1975-இல். உங்கள் 1962 மாடல் காரின் டயலில் அந்தப் பெயர் இருந்தால் அது பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்ட மீட்டர் என்பதில் ஐயமில்லை. ஆகவே அளந்துவிடுங்கள். டயரில் காற்றைச் சரியாக நிரப்பி, சமதரையில் 20 மீட்டர் தூரத்தைச் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். மீட்டரிலிருந்து கேபிளைக் கழற்றி, வெளியே நீட்டும் சதுர முனையில் ஒரு அட்டை அம்பைச் செருகுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து இருவர் நேராகத் தள்ள, உள்ளே உட்கார்ந்திருப்பவர் அம்பு சுற்றுவதை எண்ண வேண்டும், கால் சுற்று உட்பட. வந்த எண்ணை 50-ஆல் பெருக்கினால் ஒரு கிலோமீட்டருக்கான கணக்கு. பன்னிரண்டரைச் சுற்று வந்தால் 625. மைல் டயல் என்றால் அதை 1.609-ஆல் பெருக்குங்கள்: சுமார் 1005, அதாவது '1000' என்று அச்சிட்ட ஸ்மித்ஸ் மீட்டருக்குப் பொருத்தம்தான். வேறுபாடு நூற்றுக்கு மூன்று, நான்குக்குள் இருந்தால் விட்டுவிடலாம். அதற்கு மேல் போனால் அளந்த எண்ணைத் தாளில் எழுதி மீட்டரோடு கட்டுங்கள்.

மைல் டயலைக் கிலோமீட்டராக மாற்றித் தரவா என்று மெக்கானிக் கேட்பார். இந்தியாவில் மெட்ரிக் அளவுச் சட்டம் வந்தது 1956-இல். அதற்கு முந்தைய காரில் மைல் இருப்பதுதான் அதன் வயதுக்கு அழகு. 30 மைல் என்பது 48 கிலோமீட்டர், 50 மைல் என்பது 80. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் நம் சாலைகளுக்குப் போதும். மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து.

கழற்றும்போது

பேட்டரி ஒயரை எடுத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஆம்பியர் மீட்டர் உள்ள வண்டியில் இது கட்டாயம். வண்டியின் ஏறக்குறைய மொத்த மின்சாரமும் அதன் வழியாகத்தான் போகிறது, அதற்கு முன்னால் ஃபியூஸும் இருக்காது. ஒவ்வொரு ஒயரிலும் துண்டுக் காகிதம் ஒட்டி எண் போடுங்கள். நாலு பக்கமும் படம் எடுங்கள். காலப்போக்கில் நிறம் மங்கிப்போன ஒயர்கள் எல்லாம் ஒரே பழுப்புதான்.

சில பழைய ஹீட் மீட்டர்களில் ஒயர் இருக்காது. மெல்லிய செம்புக்குழாய் ஒன்று மீட்டரின் பின்னாலிருந்து புறப்பட்டு, இன்ஜின் வரை போய், ஒரு உருளையில் முடியும். குழாயும் உருளையும் மீட்டரும் பிரிக்க முடியாத ஒரே உறுப்பு. உள்ளே ஈதர் இருக்கிறது. இன்ஜின் சூட்டில் அது ஆவியாகி, மீட்டருக்குள் உள்ள வளைகுழாயை நிமிர்த்தி முள்ளை நகர்த்துகிறது. அந்த உருளை ஃபயர்வால் துளை வழியே வராது என்று அவசரத்தில் குழாயை வெட்டிவிடும் மெக்கானிக்குகள் உண்டு. வெட்டிய நொடியே மீட்டர் போய்விட்டது. இன்ஜின் பக்கத்தில் உருளையைக் கழற்றி, துளையின் ரப்பரை எடுத்துவிட்டு, பொறுமையாக உள்ளே இழுங்கள். குழாயைத் தட்டளவு வளையமாகச் சுற்றி நூலால் கட்டிவையுங்கள்.

ஏற்கெனவே வெட்டுப்பட்ட குழாயை ஒட்டவைக்க முடியும். அந்த வேலையை வீட்டில் செய்யாதீர்கள். ஈதர் கொதிப்பது 34.6 டிகிரி செல்சியஸில். நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு அது பாட்டிலில் இருக்கும்போதே கொதிக்கும். அதன் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு பரவித் தீப்பற்றும். தெரிந்தவர்கள் உருளையைப் பனிக்கட்டியும் உப்பும் கலந்த குளிர்க்கலவையில் மூழ்க வைத்துக்கொண்டுதான் சால்டர் வைப்பார்கள்.

ஆயில் பிரஷர் மீட்டரைக் கழற்றும்போது அதற்கு வரும் சிறு குழாயையும் மாற்றிவிடுங்கள். பழைய பிளாஸ்டிக் குழாய் வெடித்தால் கொதிக்கும் எண்ணெய் ஓட்டுபவர் காலில் கொட்டும்; மீட்டர் வேலையில் உயிருக்கு உலை வைக்கக்கூடிய பகுதிகளில் இதுவும் ஒன்று. செம்புக்குழாயானால் இன்ஜின் அதிர்வைத் தாங்க நடுவில் ஒரு சுருள் இருக்க வேண்டும்.

யாரிடம்?

ஆட்டோக்களில் இயந்திரக் கட்டண மீட்டர் இருந்த காலத்தில் அவற்றைப் பழுதுபார்த்தவர்கள் இன்னும் சிலர் நகரங்களில் இருக்கிறார்கள். பல்சக்கரமும் எண் உருளைகளும் அவர்களுக்குக் கைவந்தவை. ஸ்பீடோமீட்டரின் எண்கள் ஓடாவிட்டால் அவர்கள் போதும். அதே ஆளிடம் ஈதர் மீட்டரைக் கொடுப்பது வம்பு. கார் கடிகாரத்துக்குக் கடிகாரக்காரர்தான் சரியான ஆள். உதிரிக்காகப் பழைய மீட்டர் தேடுபவர்களுக்குச் சென்னைப் புதுப்பேட்டை இருக்கிறது. அங்கே வாங்கும்போது டயலின் அடியிலுள்ள எண்ணைப் பாருங்கள். வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தும் சுற்று எண் மாறியிருக்கும்.

ஒருவரைத் தேர்ந்தெடுக்க நான் கேட்கும் முதல் கேள்வி: "எதை வைத்துச் சரிபார்ப்பீர்கள்?" வேகத்தை மாற்றக்கூடிய மோட்டாரும் சுற்றை எண்ணும் கருவியும் காட்டினால் நல்லது. கணக்கு எளிது. ஒரு மைலுக்கு 1000 சுற்று என்ற மீட்டரை நிமிடத்துக்கு 1000 சுற்றில் ஓட்டினால் முள் சரியாக 60 மைலில் நிற்க வேண்டும். கிலோமீட்டருக்கு 625 என்றால் 625 சுற்றில் 60 கிலோமீட்டர். 20, 40, 60, 80 என நாலைந்து இடங்களில் பார்க்கச் சொல்லுங்கள். ஓரிடத்தில் மட்டும் சரியாக்கி அனுப்பப்பட்ட மீட்டர் மற்ற இடங்களில் என்ன சொல்லும் என்பது அதற்கே வெளிச்சம். "வண்டியில் மாட்டி ஓட்டிப் பாருங்க சார், தெரிஞ்சிடும்" என்பவரிடமிருந்து மீட்டரை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இரண்டாவது, முள்ளை எப்படி எடுப்பார் என்று பாருங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஒரு பக்கமாக நெம்பினால் அச்சு வளையும், டயலிலும் கீறல் விழும். இரு பக்கமும் சமமாகத் தூக்கும் கருவி வேண்டும். முள்ளைத் திரும்ப எந்தக் கோணத்தில் அழுத்துகிறார் என்பதே அளவீட்டில் பாதி.

மூன்றாவது, எண்கள். உருளைகளைப் பிரித்துச் சேர்க்கும்போது ஓடிய தூரத்தைச் சுழியத்துக்குக் கொண்டுவருவது சுலபம், அதைத்தான் சிலர் பரிசாகச் செய்து தருகிறார்கள். பழைய எண்ணிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். முடியாவிட்டால் கழற்றிய நாளின் எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள். நாளை வண்டியை விற்கும்போது வாங்குபவருக்கு நீங்கள் காட்ட வேண்டிய தாள் அது.

ஜாகுவார், எம்ஜி போன்றவற்றின் 1960களின் மின்சார டாக்கோமீட்டர் தனி ரகம். அந்தக் கால ஸ்மித்ஸ் டாக்கோமீட்டர் இக்னிஷன் கம்பியில் ஓடும் மின்னோட்டத்தை உணர்ந்து வேலை செய்கிறது. காயிலை மாற்றி எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டதும் அது குழம்பிவிடலாம். எர்த்தை பாசிட்டிவிலிருந்து நெகட்டிவுக்கு மாற்றினாலும் அதன் இணைப்பை மாற்றியாக வேண்டும். கொடுக்கும்போது இந்த இரண்டையும் சொல்லாவிட்டால் அவர் மேஜையில் சரியாக ஓடுவது உங்கள் வண்டியில் ஓடாது. உள்ளே புதிய சர்க்யூட் வைத்துத் தருபவர்களும் இருக்கிறார்கள். வெளிமுகம் மாறாதவரை அதில் எனக்கு மறுப்பில்லை.

இங்கே ஆள் கிடைக்காமல் இங்கிலாந்துக்கோ ஜெர்மனிக்கோ அனுப்புவதானால், பழுதுபார்த்துத் திரும்பி வரவேண்டிய பொருள் என்று ஏற்றுமதி ஆவணத்திலேயே எழுத வேண்டும். இல்லையென்றால் திரும்பி வரும்போது உங்கள் சொந்த மீட்டரின் முழு விலைக்கும் சுங்கவரி கேட்பார்கள். முள்ளைக் கண்ணாடியோடு ஒட்டாமல் பார்த்து, இரண்டு பெட்டிக்குள் வைத்து அனுப்புங்கள்.

டயலின் முகம்

இங்கேதான் மனம் அலைபாயும். பிரித்ததுதான் பிரித்தோம், டயலையும் புதிதாக அச்சடித்துவிடலாம் என்று தோன்றும். மெக்கானிக்கும் தூண்டுவார். எழுத்துகள் படிக்க முடிகிற நிலையில் இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். புதிய அச்சில் எண்களின் வடிவம் கொஞ்சம் பிசகினாலும் டேஷ்போர்டு முழுவதும் போலியாகத் தெரியும். அதற்குப் பிறகு பழைய டயலுக்குத் திரும்ப வழியில்லை. இயந்திரத்தை முழுதாகப் புதுப்பியுங்கள், கண்ணாடியைத் துடையுங்கள், ரிம்முக்குக் குரோம் போடுங்கள், முகத்தை விட்டுவிடுங்கள். ஒரு மீட்டரின் டயல் மட்டும் உரிந்துபோயிருந்தால் பக்கத்து மீட்டரின் மங்கலுக்கு ஏற்ப அதை அச்சிடத் தெரிந்தவர் வேண்டும்.

ரிம்மைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்மித்ஸ் மீட்டர்களில் பல, சற்றுத் திருகினால் கழன்று வரும். விடிஓ மீட்டர்களில் ரிம்மின் விளிம்பு பின்னால் மடித்து அழுத்தப்பட்டிருக்கும். அதைச் சுற்றிலும் நெம்பித் திறந்து மறுபடி மடிப்பது பழகிய கைக்கே வரும்.

எச்சரிக்கை ஒன்று. இரண்டாம் உலகப்போர்க் கால ராணுவ ஜீப்புகளிலும், சில பழைய கார்களிலும் இருட்டில் ஒளிர்வதற்காக டயல் எண்களிலும் முள்ளிலும் ரேடியம் கலந்த பூச்சு தடவியிருப்பார்கள். இன்று அது ஒளிராது. ஒளிர்ந்த துத்தநாக சல்பைடுதான் கெட்டுப்போயிருக்கிறது, ரேடியம் அப்படியே இருக்கிறது; அதன் அரை ஆயுள் சுமார் 1600 ஆண்டு. பழுப்பேறிப் பொடியாகி உதிரும் பூச்சைக் கண்டால் மீட்டரைத் திறக்காதீர்கள், ஊதாதீர்கள், சுரண்டாதீர்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, கதிர்வீச்சு அளவி உள்ள ஒருவரிடம் காட்டுங்கள். மூக்கு வழியாக உள்ளே போகும் பொடிதான் பெரிய ஆபத்து. இத்தகைய மீட்டரைத் தபாலில் அனுப்பவும் கூடாது.

இரவில் மீட்டர் தெரியவில்லை என்பது அடிக்கடி வரும் புகார். பெரிய பல்பு போடுவார்கள், 2.2 வாட் இருக்க வேண்டிய இடத்தில் 5 வாட், அந்தச் சூட்டில் டயல் பழுப்பேறும். மீட்டர் கூட்டின் உட்புறத்தில் இருந்த வெள்ளைப் பூச்சு கறுத்துப்போனதுதான் நிஜக் காரணம். திறந்திருக்கும்போதே அதற்குப் புதிதாக வெள்ளை அடிக்கச் சொல்லுங்கள். எல்இடி போட விரும்பினால் போடலாம், சார்ஜ் எச்சரிக்கை விளக்கில் மட்டும் வேண்டாம். ஆல்டர்னேட்டர் உள்ள பல வண்டிகளில் அந்தப் பல்பு வழியாகப் போகும் மின்னோட்டம்தான் ஆல்டர்னேட்டரை எழுப்புகிறது. எல்இடி அவ்வளவு விடாது, பேட்டரி சார்ஜ் ஏறாது.

திரும்பி வந்ததும்

கேபிளை மாட்டும் முன் புதிதாக வந்த மீட்டரின் பின்னாலுள்ள சதுரத் துளையில் ஒரு துண்டு உள்கம்பியைச் செருகி விரலால் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். பழைய, காய்ந்த கேபிளை அதில் மாட்டாதீர்கள். கேபிள் மீட்டருக்குள் நுழையும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் கூர்மையான வளைவு இருக்கக் கூடாது. எல்லா மீட்டர் கூட்டுக்கும் தனி எர்த் ஒயர் போடுங்கள். புதுப் பெயின்ட் அடித்த டேஷ்போர்டில் ஸ்க்ரூ வழியாக எர்த் கிடைக்கும் என்று நம்ப முடியாது. பெயின்ட் வேலை முடிந்த வண்டிகளில் எல்லா மீட்டரும் ஒரே நாளில் பைத்தியம் பிடிப்பதற்கு இதுவே காரணம்.

ஈதர் வகை ஹீட் மீட்டரை மாட்டுவதற்கு முன்பே சமையலறையில் சோதித்துவிடலாம். உருளையைக் கொதிநீரில் பிடித்தால் முள் 100 டிகிரி அல்லது 212 ஃபாரன்ஹீட் அருகில் நிற்க வேண்டும். பெட்ரோல் மீட்டருக்கு வேறு வழி: டேங்கைக் காலி செய்து ஐந்தைந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் சற்று நிலைபெறக் காத்திருந்து குறித்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் எப்படிக் காட்டினாலும் பரவாயில்லை. முள் 'எம்ப்டி' கோட்டைத் தொடும்போது டேங்கில் எத்தனை லிட்டர் மிச்சம் என்பதை சன் வைசரின் பின்பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிடுங்கள். புதிதாக எண்ணெய் விட்ட மீட்டர் இந்தக் காலத்தில் கொஞ்சம் நிலைபெறும். அப்போது எல்லா வேகத்திலும் ஒரே விகிதத்தில் கூடவோ குறையவோ காட்டினால், அளந்த எண்களைத் தேதியோடு எழுதி எடுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போங்கள். காந்தத்தைச் சிறிது ஏற்றியோ இறக்கியோ சரிசெய்ய அவருக்கு அதிக நேரம் ஆகாது. அந்த மறுசரிபார்ப்பு கூலியில் சேர்த்தியா என்பதைக் கொடுக்கும் நாளிலேயே பேசி வைத்திருக்க வேண்டும்.